சிங்கர் என்று ஒரு ஸ்டேஷன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ வெளிநாட்டுல படிச்சவன், அதப் பத்திக் கொஞ்ச நேரம் பேசு" என்றார். எனக்குப் பேச்சு வராது. இந்தக் கல்லூரியில் நாலு வருஷம் படித்ததில் நான் மேடை ஏறியது ஒரே ஒரு தடவை. அதுவும் மைக்கைத் தூக்கி வைப்பதற்காக. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, எந்தப் பரீட்சை எழுத வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வெளிநாட்டில் நான் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பிப் போன பயணம் அது. பெரிய தூரம் எல்லாம் இல்லை, ரயிலில் அரை மணி நேரம். கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் போகிற தூரம்கூடக் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் புதியம்புத்தூர். இங்கே நிறையப் பேருக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். தெரியாதவர்களும் சின்ன வயதில் போட்ட தீபாவளிச் சட்டை எங்கள் ஊரில் தைத்ததாக இருக்கலாம். ஓட்டப்பிடாரம் தாலுகா. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் வேலிக்கருவை. வானத்தை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள் ஊசியை நம்பினார்கள். இன்றைக்கு ரெடிமேட் துணிதான் ஊருக்குச் சோறு போடுகிறது. தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம். ஒரு வீட்டில் கட்டிங், ஒரு வீட்டில் தையல், அடுத்த வீட்டில் காஜா எடுப்பது, திண்ணையில் பாட்டிமார் பிசிறு வெட்டுவது.

எங்க அப்பா டெய்லர். பகலெல்லாம் ஒரு கம்பெனியில் பவர் மிஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பார். ராத்திரி வீட்டில் கால் மிஷினில் தைப்பார். அந்தக் கால் மிஷின் சிங்கர். தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பழசாக வாங்கி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தை அந்த மிஷினில் தங்க எழுத்தில் இருந்த 'சிங்கர்' என்பதுதான். அதன் கீழ்த் தட்டில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். எண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலை என்னுடையது என்பதால் விரலால் தடவியே அந்த நம்பரைச் சொல்லுவேன்.

ஓட்டப்பிடாரம், பசுவந்தனை வழியாக பஸ் பிடித்து இந்தக் கல்லூரிக்கு வந்து 2010-ல் மெக்கானிக்கல் முடித்தேன். இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். 2012 செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்குப் போனேன். கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில்தான், படிப்பை முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை தேடுவதற்கு இருந்த விசாவை பிரிட்டன் நிறுத்தியிருந்தது. (2021 ஜூலையில் வேறு பெயரில் மறுபடி திறந்தார்கள். போக நினைக்கிற தம்பிமார் போகிற வருஷத்துச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். போன வருஷம் போன அண்ணன் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.) ஆக, நாம் படித்து முடித்ததும் திரும்பியாக வேண்டும், கடனை இங்கே வந்துதான் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பவுண்டுக்கு எண்பது ரூபாய்க்கு மேல். காப்பி குடித்தால்கூட மனசு பெருக்கிப் பார்த்துவிடும்.

ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எங்கே போனாலும் ஐந்து பேரும் சேர்ந்துதான் போவோம். வகுப்பு, நூலகம், அரிசி பருப்பு வாங்குகிற கடை, வீடு. ஐந்து மாசம் இப்படியே போனது. கிளாஸ்கோக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் எங்களுக்குப் பிடிபடவில்லை. நாம் டோஃபலுக்கும் ஐயெல்ட்ஸுக்கும் கேட்ட இங்கிலீஷ் வேறு, அது வேறு. அதனால் வெளியாட்களிடம் பேசுகிற வேலையை, எங்களில் தைரியமாக இருந்த ஒரு கேரளத்துப் பையனிடம் விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன புதிதில் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொண்டபோது, "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். ஒருவன் அப்பா டாக்டர், ஒருவன் அப்பா பேராசிரியர். நான் "கார்மென்ட் பிசினஸ்" என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, இல்லையா? ஆனால் சொன்ன எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணி, "ஏய்யா, சாப்ட்டியா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

2013 பிப்ரவரி. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஹை ஸ்ட்ரீட் என்று ஒரு ரயில் நிலையம். மழைக்கு ஒதுங்கி நின்றவன், சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே போகிற பாதையில் ஒரு ஸ்டேஷன் பெயர்: சிங்கர். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே எழுத்துதான். நான் முதன்முதலில் கூட்டிப் படித்த அதே ஆறு எழுத்து.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "கோட்டை இருக்கிற எடின்பரோவுக்குப் போகலாம், ஏரி பார்க்கப் போகலாம்" என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அந்தப் பெயரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். ஏன் என்று அவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் சொல்லாமல், சனிக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பினேன்.

இன்ஜினியர் இல்லையா, முதல் வேலையாகத் தப்பான ரயிலில் ஏறினேன். நகரத்திலிருந்து மேற்கே டால்மியூர் என்ற இடத்துக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று சிங்கர் வழி, மற்றது யோக்கர், கிளைட்பேங்க் வழி. நான் பெயர்ப் பலகையில் டால்மியூர் என்று பார்த்ததும் ஏறிவிட்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு போகிறேன், என் கையில் எழுதி வைத்திருந்த ஒரு பெயரும் வரவில்லை. நம்ம ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டரிடம் கேட்டிருப்பேன், இரண்டு பாட்டிகள் கூடவே வழி சொல்லியிருப்பார்கள். அங்கே வாயைத் திறக்கப் பயம். கடைசியில் டால்மியூரில் இறக்கிவிட்டது ரயில். மழை சாய்வாக அடிக்கிறது. பிளாட்பாரத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், காய்கறிப் பையோடு நின்றிருந்தார். வேறு ஆளில்லை. கேட்டேதான் ஆக வேண்டும். கேட்டேன்.

"சிங்கரா? அங்கே ஒன்றும் இல்லையே மகனே" என்றார். அந்த ஊரில் பெரியவர்கள் சின்னப் பையன்களை அப்படித்தான் 'மகனே' என்று கூப்பிடுகிறார்கள். எங்க ஊரில் 'ஏய்யா' என்பது போல. ஐந்து மாசத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்த முதல் கிளாஸ்கோ வார்த்தை அது.

அவரும் அந்தப் பக்கம்தான் போகிறார். திரும்பி ஒரே ஒரு ஸ்டேஷன். ரயிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஏன் அங்கே போகிறாய் என்று கேட்டார். அப்போதுதான், அந்த நாட்டில் முதல் தடவையாக, என் வாயிலிருந்து வந்தது: "எங்க அப்பா டெய்லர். அவர் மிஷின் இந்த ஊரில் செய்தது என்று நினைக்கிறேன்."

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் ஓடுகிறதா?" என்றார்.

"தினமும் ஓடுகிறது" என்றேன்.

அவர் பள்ளிக்கூடம் முடித்ததும் அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் அம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தாராம். வீட்டுக்குப் போகாமல் என்னோடு இறங்கி, மழையில் நடந்து இடத்தைக் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான், அங்கே ஒன்றும் இல்லை. ஆலை நின்ற இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடங்களும் கார் நிறுத்துமிடமும். "இங்கேதான் கடிகாரக் கோபுரம் இருந்தது" என்று வெறும் ஆகாயத்தைக் காட்டினார். நாலு பக்கமும் முகம் வைத்த கடிகாரம். ஒவ்வொரு முகமும் இருபத்தாறு அடி குறுக்களவு. ஊர் முழுக்க அதைப் பார்த்துத்தான் எழுந்தது, ஓடியது, சாப்பிட்டது. அதை 1963-ல் இடித்தார்கள். 1980 ஜூனில் ஆலையையே மூடினார்கள். 1941 மார்ச் 13, 14 இரண்டு ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில், மிஷின் பெட்டிக்கும் மேஜைக்கும் அடுக்கி வைத்திருந்த மரக்கிடங்கு பற்றி எரிந்ததை அவர் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அந்தச் சின்ன ஊரில் மட்டும் அந்த இரண்டு ராத்திரியில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் ஆலை நடந்தது. குண்டு மூடாத ஆலையைக் கணக்குப் புத்தகம் மூடிவிட்டது.

"அப்பாவிடம் நம்பரைக் கேள்" என்றார் அந்த அம்மாள். அங்கே மத்தியானம் இரண்டு மணி என்றால் நமக்கு ராத்திரி ஏழரை. சனிக்கிழமை சம்பள நாள். அப்பா வீட்டில்தான் இருந்தார். போன் எடுத்ததும் வழக்கம்போல, "ஏய்யா, சாப்ட்டியா? என்ன இந்நேரம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய், "தனியாவா போன? பாத்துப் போய்யா" என்றார். அப்புறம் மிஷினைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்: ஈ, ஜே, அப்புறம் ஆறு நம்பர். அந்த அம்மாள் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, "ஈ என்றால் எங்களுடையதுதான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அப்பா கேட்டார்: "அங்க இப்பயும் மிஷின் போடுதாங்களா?"

"இல்லப்பா. 1980-லயே மூடிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப அந்த வேலைக்காரங்க எல்லாம் எங்கய்யா போனாங்க?"

நான் இன்ஜினியரிங் படித்தவன். அந்தக் கடிகாரம் எவ்வளவு உயரம், ஒரு நாளைக்கு எத்தனை மிஷின் என்றெல்லாம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. இந்தக் கேள்வி தோன்றவில்லை. அப்பா கேட்டதை அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிலர் கப்பல் கட்டுமிடத்துக்குப் போனார்கள், சிலர் ஊரைவிட்டே போனார்கள், சிலர் அதற்கப்புறம் வேலைக்கே போகவில்லை என்றார். "உன் அப்பாவிடம் சொல், கேட்டதற்கு நன்றி என்று" என்றார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "இதுல என்னய்யா நன்றி" என்று வைத்துவிட்டார். அந்த அம்மாள் ஒரு கடையில் எனக்கு டீயும் ரொட்டியும் வாங்கிக்கொடுத்து, எந்த பிளாட்பாரம், எந்த ரயில் என்று சொல்லி அனுப்பினார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த வாரமே நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்துக்காக நான் நூலகம் போனதும் அதுதான் முதல் தடவை. சிங்கர் அமெரிக்கக் கம்பெனி. கிளைட்பேங்க் ஊரில் கில்போவி என்ற இடத்தில் 1880-களில் இந்த ஆலையைக் கட்டியது. 15கே, 66கே, 201கே என்று மாடல் எண்ணுக்குப் பின்னால் வருகிற 'கே', கில்போவியின் முதல் எழுத்து. 1913-ல் மட்டும் அங்கிருந்து போன மிஷின்கள் பதிமூன்று லட்சம். எங்க அப்பா மிஷின் 1950-களின் தொடக்கத்தில் செய்தது. அது அந்த அம்மாளுடைய அம்மா வேலை பார்த்த காலம்.

இன்னொரு செய்தி என்னை உட்கார வைத்துவிட்டது. 1911 மார்ச்சில் அந்த ஆலையில், மரப்பெட்டிக்குப் பாலீஷ் போடுகிற பிரிவில் ஆளைக் குறைத்து, மிச்சம் இருந்த பெண்கள் தலையில் வேலையை ஏற்றினார்கள். பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் ஏறக்குறைய பதினோராயிரம் பேர் வெளியே வந்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் போராட்டம் தோற்றது. முன்னால் நின்றவர்கள் வேலையை இழந்தார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1908 பிப்ரவரி 27 அன்று, கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்கள் சுப்பிரமணிய சிவாவும் எங்கள் ஓட்டப்பிடாரத்து வ.உ.சி.யும். அந்தப் போராட்டம் ஜெயித்தது. கூலி கூடியது. அந்த மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்கள் யார் தெரியுமா? ஸ்காட்லாந்துக்காரர்கள். நம் கரிசல் பருத்தியை நூலாக்கியது அவர்கள் மில். அந்த ஹார்வி மில்கள்தான் பின்னால் மதுரா மில்ஸ் ஆகி, 1974-ல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. கோட்ஸ் பிறந்த ஊர் பெய்ஸ்லி. கிளாஸ்கோவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷ ரயில் தூரம். வ.உ.சி.யைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். எங்க ஊரிலிருந்து ஓட்டப்பிடாரம் சைக்கிளில் போகிற தூரம். அவர் என்ன செய்தார் என்பது எனக்குப் புரிந்தது கிளாஸ்கோ நூலகத்தில்.

அன்றைக்கு ராத்திரி ரூமில் நண்பர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க அப்பா பிசினஸ் எல்லாம் செய்யவில்லை, டெய்லர்" என்று சொன்னேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. டாக்டர் மகன் தன் பேன்டைக் கொண்டுவந்து, "அப்படியானால் உனக்குத் தைக்கத் தெரியுமா, இதைச் சுருக்கிக் கொடு" என்றான். இவ்வளவுதான் விஷயம். இதற்கா ஐந்து மாசம் கூனிப்போய் இருந்தேன் என்று இருந்தது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் பெய்ஸ்லிக்கும் போனேன், எடின்பரோவுக்கும் போனேன். இரண்டு தடவை வழி தவறினேன். பயம் மட்டும் வரவில்லை.

படிப்பு முடிந்து 2013 கடைசியில் திரும்பி வந்தேன். ஆறு வருஷம் ஆனது கடன் அடைய. பத்திரத்தை மீட்டு அப்பா கையில் கொடுத்தபோது, அதை மிஷின் டிராயரில்தான் வைத்தார். இப்போது அவருக்குக் கண் தெளிவில்லை, தைப்பதில்லை. அம்மா அவ்வப்போது தலையணை உறை தைக்கிறார். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாபினும் ஊசியும் பெல்ட்டும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. எழுபது வருஷம் கழித்தும் புதுப் பாகம் பழைய இடத்தில் போய்ச் சரியாக உட்காருகிறது. அளவு தவறாமல் வேலை செய்வது என்றால் என்ன என்று இதைவிட நல்ல பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. இங்கே இருக்கிற என் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் இப்போது பார்க்கிற வேலை, ஆலைகளுக்குத் தானியங்கி இயந்திரம் வடிவமைப்பது. இருபது பேர் செய்கிற வேலையை நாலு பேர் செய்யும்படி வழி பண்ணுவது என்று பச்சையாகச் சொல்லலாம். நம் கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிலில் மிஷின் வந்தபோது என்ன நடந்தது என்று உங்களில் பல பேர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மிஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது, என்னைப் படிக்க வைத்தது. தையல் மிஷினை மட்டும் காந்தியடிகளே ஏற்றுக்கொண்டார். இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் மிஷினை விதிவிலக்கு என்று 1924-ல் சொன்னார். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் முதல் கூட்டத்தில் உட்காரும்போது அப்பாவின் கேள்வி வந்து நிற்கும். அந்த வேலைக்காரங்க எல்லாம் எங்கய்யா போவாங்க? நான் அதை வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். சில இடத்தில் பதில் இருக்கும். வேறு பிரிவுக்கு மாற்றுகிறோம், பயிற்சி கொடுக்கிறோம் என்பார்கள். சில இடத்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒரு தடவை அதனால் ஒரு வேலை கைவிட்டும் போயிருக்கிறது. இருந்தாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

தம்பி தங்கைகளே, வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. சென்னைக்குப் போங்கள், பெங்களூருக்குப் போங்கள். நாலு பேரோடு சேர்ந்து இருங்கள், அது பாதுகாப்பு. ஆனால் போன ஊரில் ஒரு நாளாவது தனியாக வெளியே கிளம்பிப் பாருங்கள். போகிற இடத்தையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். வழி தெரியாவிட்டால் கேளுங்கள். இங்கிலீஷ் தப்பாக வந்தால் வரட்டும், வழி சரியாக வந்துவிடும். வீட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அவர்களுக்குத் தோன்றும்.

அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.